ஏற முடியாத ரயில்களுக்குக் காத்திருப்பவர்கள்

சிகாகோவுக்கு மேற்கே ஒரு சிற்றூர். பயணிகள் ரயில் ஒன்றுகூட நிற்பதில்லை. ஆனாலும் சிக்னல் பார்க்கவும், ரயில்வேயின் கட்டுப்பாட்டுத் திரையை எட்ட இருந்து படிக்கவும் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

ரொஷெல் ஊருக்கு ரயிலில் போக முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து மேற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் இருக்கும் இந்த ஊரின் நடுவே இரண்டு பெரிய ரயில் பாதைகள் ஓடுகின்றன. ஆனால் பயணிகளுக்கு அவற்றில் இடமில்லை. சிகாகோவின் புறநகர் ரயில் எல்பர்ன் என்ற ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கார்தான். சாலையின் இரு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. தானியக் கிடங்குகளின் உருளைக் கோபுரங்கள் தவிர கண்ணை உயர்த்திப் பார்க்க எதுவும் இல்லை.

ஊரின் மக்கள்தொகை 9,500க்குள். இந்த அளவு ஊரில் சுற்றுலாப் பயணி தேடி வர என்ன இருக்கும்? தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஓர் இடம். யூனியன் பசிபிக் கம்பெனியின் இரட்டைப் பாதையும், பி.என்.எஸ்.எஃப். கம்பெனியின் இரட்டைப் பாதையும் இங்கே ஒரே மட்டத்தில் குறுக்கிடுகின்றன. இரண்டும் இரண்டும் வெட்டிக்கொள்வதால் நான்கு வைர வடிவங்கள். நாக்பூரின் டயமண்ட் கிராசிங் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புரியும்.

அந்த நான்கு வைரங்களுக்குப் பக்கத்தில், இரண்டு பாதைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில், 1998இல் ஊராட்சி ஒரு பூங்கா அமைத்தது. பெயரே ரயில் பூங்கா. கட்டணம் கிடையாது. சற்று உயர்த்திக் கட்டிய கூரை மண்டபம், பெஞ்சுகள், ஒரு சிறு கடை, இதே ஊரில் இருந்த விட்கோம் தொழிற்சாலை செய்த ஒரு குட்டி எஞ்சின். இவ்வளவுதான். மண்டபத்தின் கூரையில் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. வந்தவர்களை மணிக்கணக்கில் உட்கார வைப்பது அதுதான்.

ஒலிபெருக்கியில் பாட்டு வருவதில்லை. டிரைவர்களும் கட்டுப்பாட்டாளர்களும் பேசிக்கொள்ளும் ரயில்வே வானொலி வருகிறது.

பேசும் தண்டவாளம்

முதல் ஒரு மணி நேரம் புதியவருக்கு ஒன்றும் விளங்காது. கரகரப்பு, எண்கள், மீண்டும் கரகரப்பு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காது பழகுகிறது. ஒரு டிரைவர் தான் கடக்கும் சிக்னலின் பெயரையும் நிறத்தையும் சொல்கிறார். ஒரு கட்டுப்பாட்டாளர் பாதையில் வேலை செய்யும் ஆட்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார். அவர்கள் அதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார்கள். சொல்வதும் திருப்பிச் சொல்வதும் சரியாக இருந்தால்தான் அனுமதி செல்லும்.

இடையிடையே மனிதக் குரலாக இல்லாத ஒரு குரல் வருகிறது. தண்டவாளத்தின் ஓரத்தில் பல கி.மீ. இடைவெளியில் வைத்திருக்கும் கருவிகளின் குரல் அது. ரயில் கடந்து போகும்போது ஒவ்வொரு சக்கர அச்சின் சூட்டையும் அவை அளக்கின்றன. கடைசிப் பெட்டி தாண்டியதும் வானொலியில் தாமே பேசுகின்றன: எந்தக் கம்பெனி, எத்தனையாவது மைல்கல், பழுது உண்டா இல்லையா, மொத்தம் எத்தனை அச்சுகள். டிரைவருக்காகச் சொல்லப்படும் இந்தச் சேதி பூங்காவில் இருப்பவர்களுக்கும் கேட்கிறது. கிழக்கே உள்ள கருவி பேசினால் கிழக்கிலிருந்து ரயில் வருகிறது. உடனே கேமராவைக் கையில் எடுக்கிறார்கள்.

நம் ஊரில் இந்த வேலையில் ஒரு பகுதியை மனிதர்கள் செய்வதை எல்லோரும் பார்த்திருப்போம். எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடக்கும் சிறு ஸ்டேஷனில் பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்தபடி நிற்பாரே, அவர் சும்மா மரியாதைக்கு நிற்பவர் இல்லை. சக்கரத்தில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்று டிரைவருக்கும் கார்டுக்கும் காட்டுகிறார். அமெரிக்காவில் அந்த ஆளை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்துவிட்டார்கள்.

சிக்னல் விளக்குகளும் சேதி சொல்கின்றன. அமெரிக்காவில் பல இடங்களில் ரயில் நெருங்கும்வரை சிக்னல் விளக்கு எரியாது. விளக்கின் ஆயுள் மிச்சம். ரசிகர்களுக்கோ அது இலவச அறிவிப்பு. இருண்டு கிடந்த சிக்னலில் வெளிச்சம் வந்தால் சில நிமிடங்களில் ரயில் வரும். நிறத்தைப் பார்த்தால் அது நிற்குமா ஓடுமா என்பதும் தெரியும்.

பிறகு ரயிலே வருகிறது. யூனியன் பசிபிக் என்றால் மஞ்சள் எஞ்சின், பி.என்.எஸ்.எஃப். என்றால் ஆரஞ்சு. பின்னால் நிலக்கரி, தானியம், அல்லது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டடுக்குக் கன்டெய்னர்கள். இரண்டு கி.மீ.க்கு மேல் நீளும் ரயில் இங்கே சர்வ சாதாரணம். ஒவ்வொரு சக்கரமும் வைரத்தின் இடைவெளியைத் தாண்டும்போது சம்மட்டி அடித்தது போல ஓசை. கடைசிப் பெட்டி போகும்வரை பெஞ்சில் பேச்சு நின்றுவிடுகிறது.

வண்டிகளின் நிறம் மாறியிருக்கிறதே தவிர பாதைகள் பழையவை. யூனியன் பசிபிக் பாதை முன்பு சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனிக்குச் சொந்தம். 1869இல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாதைக்குச் சிகாகோவிலிருந்து போகும் வழி இதுதான். அந்தக் கம்பெனி நம்மைப் போலவே இரட்டைப் பாதையில் இடப்பக்கம் ரயில் ஓட்டியது. வலப்பக்கம் ஓடும் அமெரிக்காவில் அது ஒரு விநோதம். 1995இல் அதை யூனியன் பசிபிக் வாங்கியது. குறுக்கே போகும் பாதையின் பர்லிங்டன் நார்தர்ன் கம்பெனியும் அதே ஆண்டில் சான்டா ஃபே கம்பெனியோடு சேர்ந்தது.

கருப்புத் திரையில் ஒரு கோடு

பெஞ்சில் இருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ரயிலைப் பார்க்க வந்தவர்கள் ஒரு வகை. ரயில் எப்படி நடத்தப்படுகிறது என்று பார்க்க வந்தவர்கள் இன்னொரு வகை. பின்னவர்கள் பொதுவாக மடிக்கணினியோடு வருகிறார்கள்.

அவர்கள் திரையில் என்ன இருக்கிறது என்று புரிய ரயில்வே எப்படி இயங்குகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கொடுப்பவர் ஸ்டேஷன் மாஸ்டர். எந்த வண்டியை முதலில் விடுவது என்று தொலைபேசியில் சொல்பவர் செக்‌ஷன் கன்ட்ரோலர். அமெரிக்காவின் பெரிய சரக்குப் பாதைகளில் இடையில் ஸ்டேஷன் மாஸ்டரே இல்லை. டிஸ்பேட்சர் என்று அவர்கள் சொல்லும் கட்டுப்பாட்டாளர் எங்கோ ஒரு கட்டிடத்தில் உட்கார்ந்து, பாயின்ட்டைத் திருப்பவும் சிக்னலைக் கொடுக்கவும் தானே உத்தரவிடுகிறார். யூனியன் பசிபிக்கின் கட்டுப்பாட்டு மையம் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் இருக்கிறது. பி.என்.எஸ்.எஃப். மையம் இருப்பது டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில். ரொஷெல்லில் குறுக்கிடும் இரண்டு பாதைகளின் சூத்திரதாரிகள் பல நூறு கி.மீ. தள்ளி, இரண்டு மாநிலங்களில்.

இந்த முறை 1927இல் ஒஹையோ மாநிலத்தில், ஸ்டான்லி முதல் பெர்விக் வரையிலான பாதையில் தொடங்கியது. ஒரு பலகையில் பாதையின் படம், அதில் சிறு விளக்குகள், கீழே நெம்புகோல்கள். ஒருவரே பல கி.மீ. பாதையை ஆள முடிந்தது. உத்தரவுகள் தந்திக் கம்பம் போன்ற கம்பங்களில் ஓடிய கம்பிகள் வழியே போயின. புயலுக்கும் பனிக்கும் கம்பிகள் அறுந்தன. பராமரிப்புச் செலவு ஏறியது. 1980களில் அமெரிக்க, கனடா ரயில்வே சங்கங்கள் சேர்ந்து புதிய ரயில் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தன. ஏ.டி.சி.எஸ். என்று பெயர். திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆனால் அதற்காக எழுதிய வானொலி மொழி பிழைத்துக்கொண்டது. கம்பியில் போன உத்தரவுகள் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பறக்கத் தொடங்கின.

கம்பியில் போவதை வெளியாள் பார்க்க முடியாது. காற்றில் போவதைப் பிடிக்கலாம். அதிலும் இந்தச் சேதிகள் சங்கேத மொழியில் மூடப்படாமல் போயின. வானொலிப் பித்தும் ரயில் பித்தும் ஒருங்கே கொண்ட சிலர் இதைக் கவனித்தார்கள். பிடித்த சேதிகளைக் கணினியில் பிரித்துப் படிக்க ஒரு மென்பொருள் எழுதப்பட்டது. ஏ.டி.சி.எஸ். மானிட்டர் என்று பெயர் வைத்து, காசு வாங்காமல் கொடுத்தார்கள். ஒரு ஸ்கேனர் வானொலி, ஒரு ஆன்டெனா, ஒரு கணினி. பல நூறு கி.மீ. தள்ளி இருக்கும் கட்டுப்பாட்டாளர் முன்னால் என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அது வீட்டு மேஜையில் தெரியலானது.

பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கருப்புத் திரையில் சில கோடுகள். ஒரு கோட்டின் துண்டு சிவப்பானால் அங்கே ரயில் நிற்கிறது அல்லது ஓடுகிறது. பச்சையானால் அந்த வழி யாருக்கோ திறந்திருக்கிறது. சிவப்பு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவுகிறது. சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொட்டாவி வரும். ரசிகர்களுக்கு இது சதுரங்கம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களில் எதைப் பக்கப் பாதையில் ஒதுக்குவார் கட்டுப்பாட்டாளர்? பின்னால் வேக வண்டி வரும்போது தானிய வண்டியை எங்கே நிறுத்துவார்? தாங்கள் நினைத்த காய் நகர்ந்தால் முகத்தில் ஒரு திருப்தி.

திரையில் தெரியாதது

திரை சொல்லாதவையும் உண்டு. கோடு சிவப்பானால் ஏதோ ஒரு ரயில் அங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அது எந்த ரயில், எத்தனை பெட்டி, என்ன சரக்கு என்று சேதியில் இல்லை. அதை வானொலிப் பேச்சிலிருந்தும் கண்ணால் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு நுட்பம். போகும் சேதியும் வரும் சேதியும் வேறு வேறு. கட்டுப்பாட்டாளரிடமிருந்து களத்துக்குப் போவது உத்தரவு. களத்திலிருந்து அவருக்குத் திரும்புவது நிலவரம். பாயின்ட்டைத் திருப்பு என்று சொன்னது ஒன்று. திரும்பிவிட்டது என்று பதில் வந்தது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. உத்தரவு ஆபத்தானது என்றால் அதை நிறைவேற்ற மறுக்கும் அறிவு அந்தப் பெட்டிக்குள்தான். ரொஷெல்லில் ஒரு பாதைக்கு வழி கொடுத்திருக்கும்போது குறுக்குப் பாதைக்கும் வழி கொடுக்க முடியாது. யார் கேட்டாலும் பெட்டி விடாது. இதைத்தான் இன்டர்லாக்கிங் என்கிறார்கள். வானொலி வெறும் தபால்காரர்.

இந்தத் திரைப் படங்கள் எப்படி வரையப்பட்டன என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ரசமான பகுதி. காற்றில் வருவது ஒன்றும் பூஜ்யமுமான வரிசை. அதில் ஐந்தாவது எண் எந்தப் பாயின்ட், ஒன்பதாவது எண் எந்த சிக்னல் என்று ரயில்வே யாருக்கும் சொல்லவில்லை. ஆகவே ரசிகர்கள் களத்துக்குப் போனார்கள். வெயிலிலும் பனியிலும் சிக்னல் கம்பத்துக்கு எதிரே, ரயில்வே எல்லைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சிக்னல் பச்சையான நொடியில் எந்த எண் மாறியது என்று குறித்தார்கள். பாயின்ட் நகர்ந்தபோது எது மாறியது என்று குறித்தார்கள். ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் இன்னொரு ரயிலுக்கும் சரிபார்த்தார்கள். இப்படி ஒவ்வொரு சந்திப்பாகச் சேர்த்துப் படம் வரைந்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். கண்ணும் திரையும் ஒத்துப் போனால்தான் கோடு போடுவது என்பது எழுதாத விதி.

கண்ணும் பலகையும்

ரயில் விபத்துகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த விதியின் அருமை தெரிகிறது. கண் ஏமாறிய சம்பவமும் உண்டு, பலகை ஏமாற்றிய சம்பவமும் உண்டு.

2008 செப்டம்பர் 12. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வடமேற்கு மூலையில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள். ரயில் சாட்ஸ்வொர்த் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டபோது தூரத்து சிக்னல் பச்சையாக இருந்தது என்று அங்கிருந்த சிலர் உறுதியாகச் சொன்னார்கள். அவர்களில் ரயில் ரசிகர்களும் உண்டு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவுகளை ஆராய்ந்து, சிக்னல்களைச் சோதித்துப் பார்த்து, அது சிவப்புதான் என்ற முடிவுக்கு வந்தது. பயணிகள் ரயிலின் டிரைவர் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்தவர் பதின்வயது ரயில் ரசிகர் ஒருவர். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்கள் மறக்க விரும்பினாலும் மறக்க முடியாத விவரம் அது.

இங்கே கண் தோற்றது, பதிவு வென்றது. நம் நாட்டில் 2023இல் நடந்த இரண்டு சம்பவங்கள் வேறு கதை சொல்கின்றன.

பிப்ரவரி 8 அன்று கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு ஸ்டேஷனில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் கிடைத்தது. ஆனால் பாயின்ட் வேறு பாதைக்குத் திரும்பியிருந்தது. டிரைவர் அதைக் கண்ணால் பார்த்து வண்டியை நிறுத்தினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் உயரதிகாரி இதை எச்சரிக்கையாக எழுதினார்.

நான்கு மாதம் கழிந்து, ஜூன் 2 மாலை. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில் நேர்ப்பாதைக்குப் பச்சை. பாயின்ட் திரும்பியிருந்ததோ லூப் லைனுக்கு. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. 128 கி.மீ. வேகத்தில், மங்கும் வெளிச்சத்தில், டிரைவருக்குப் பார்த்து நிறுத்த அவகாசமில்லை. தடம் புரண்ட பெட்டிகள் எதிர்ப்பாதையில் போன பெங்களூர்–ஹவுரா ரயிலின் பின்பகுதியிலும் இடித்தன. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, ஓரத்துப் பெட்டியில் வயர்கள் தவறாக இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டது. அதனால் பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தும், நேர்ப்பாதைக்கு இருப்பதாகவே நிலவரம் போயிருக்கிறது. ஸ்டேஷன் பேனலில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தபால்காரர் கொண்டுவந்த கடிதத்திலேயே பொய் இருந்தது. 2022 மே மாதம் அதே கரக்பூர் கோட்டத்தில் தவறான வயரிங்கால் இதே போன்ற கோளாறு நடந்திருக்கிறது. அப்போதே பாடம் கற்றிருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்பதும் ஆணையர் சொன்னதுதான்.

சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே போய்வரும் தமிழர்களில் கோரமண்டலில் ஏறாதவர்கள் குறைவு. தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடும் என்று நம்பித்தான் ஏறுகிறோம். அந்த நம்பிக்கை ஒரு பலகையில் எரியும் விளக்கில் தொங்குகிறது. விளக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளப்பது ரயில்வே ஊழியரின் வேலை. ஒரு பொழுதுபோக்குக்காரர் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் அந்த தூரம் இருக்கிறது என்பதைப் பொதுமக்களில் சிலராவது அறிந்திருப்பது நல்லது. ரொஷெல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியும்.

சாத்தப்படும் ஜன்னல்

ரயில்வேக்கள் இந்தப் பொழுதுபோக்கை எப்படிப் பார்க்கின்றன? வரவேற்பும் சந்தேகமும் கலந்துதான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பாலத்தின் அருகே கேமராவோடு நின்ற ரசிகர்களைப் போலீஸ் நிறுத்தி விசாரிப்பது அதிகமானது. மறுபக்கம், 2006இல் பி.என்.எஸ்.எஃப். கம்பெனி ரசிகர்களையே துணைக்கு அழைத்தது. சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் தகவல் சொல்லுங்கள் என்று அவர்களுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. தண்டவாளத்தின் ஓரத்தில் மணிக்கணக்கில் நிற்பவரை விடப் புதிய ஆளை யார் சீக்கிரம் கண்டுகொள்வார்கள் என்பதே அதன் தர்க்கம்.

ஆனால் திரையைப் படிக்கும் காலம் முடிவை நோக்கிப் போகிறது. சாட்ஸ்வொர்த் விபத்து நடந்த அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சிக்னலை டிரைவர் கவனிக்காவிட்டால் ரயிலைத் தானாகவே நிறுத்தும் அமைப்பை முக்கியப் பாதைகளில் பொருத்த வேண்டும். 2020 இறுதிக்குள் அது முடிந்தது. நம் நாட்டில் கவச் செய்வதும் இந்த வேலைதான். அதற்காகப் பழைய சிக்னல்களும் தகவல் தொடர்பும் பல இடங்களில் மாற்றப்பட்டன. 2020இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மறுபங்கீடு செய்தது. ரயில்வேக்கள் தங்கள் பழைய இடத்தை விட்டு நகர வேண்டியதாயிற்று. புதிய இணைப்புகளில் சேதிகள் வெளியார் படிக்கும்படி போவதில்லை. ரசிகர்கள் பார்த்துப் பார்த்து வரைந்த படங்களில் பல இப்போது அசையாத கோடுகள்.

கம்பெனிகளைக் குறை சொல்ல முடியாது. மூடாத கதவு வழியே பார்வையாளர் மட்டுமா வருவார்? விஷமியும் வரலாம். ஆனால் பாதுகாப்புக்குக் கேடில்லாமல் ஜன்னலைத் திறந்து வைக்கவும் வழி இருக்கிறது. பிரிட்டனில் நெட்வொர்க் ரயில் நிறுவனம், எந்த ரயில் எந்த சிக்னலில் இருக்கிறது என்ற தகவலை இணையம் வழியே தானே பொதுமக்களுக்குக் கொடுக்கிறது. ஆர்வலர்கள் அதைக் கொண்டு நாட்டின் பாதைகளுக்கு ஓடும் வரைபடங்கள் செய்திருக்கிறார்கள். உத்தரவு போகும் பாதையை யாரும் தொட முடியாது. நிலவரத்தை யாரும் பார்க்கலாம்.

இந்தியாவில் நிலைமை பாதி வழியில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ரயில்வே வானொலியைக் கேட்பது இங்கே சட்டப்படி முடியாது. ஸ்டேஷன் பேனலை எட்டிப் பார்க்கவும் அனுமதியில்லை. ஆனால் எஞ்சின்களில் இஸ்ரோ உதவியோடு பொருத்தப்பட்ட கருவிகள் 30 நொடிக்கு ஒரு முறை வண்டியின் இடத்தைச் சொல்கின்றன. செல்போனில் ரயில் எங்கே என்று பார்க்காமல் இன்று யாரும் ஸ்டேஷனுக்குக் கிளம்புவதில்லை. கட்டுப்பாட்டு அறைகளும் மாறுகின்றன. கிழக்கு சரக்குப் பாதைக்காக 2020 டிசம்பர் 29 அன்று பிரயாக்ராஜில் திறக்கப்பட்ட மையம், ஒமாஹாவும் ஃபோர்ட் வொர்த்தும் செய்யும் வேலையைச் செய்கிறது. நமக்கு இன்னும் காட்டப்படாதது ஒன்றுதான்: பாயின்ட்டும் சிக்னலும் முரண்பட்ட சம்பவங்கள் எத்தனை, எங்கே, பிறகு என்ன செய்தார்கள் என்ற கணக்கு. டேட்டா லாகர் என்ற கருவி பெரும்பாலான ஸ்டேஷன்களில் ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு பதிகிறது. கணக்கு இல்லாமல் இல்லை. அதை ஆண்டுக்கு ஒரு முறை பயணிகளுக்குச் சொன்னால் எந்த ரகசியமும் போய்விடாது. ஹொசதுர்கா ரோடு பற்றி நாம் தெரிந்துகொண்டது பாஹாநகாவுக்குப் பிறகுதானே?

அதுவரை நமக்கு மிஞ்சுவது ஜன்னலோர இருக்கை. நீங்கள் போகும் எக்ஸ்பிரஸ் பெயர் தெரியாத ஒரு ஸ்டேஷனைத் தடதடத்துக் கடக்கும்போது, பிளாட்பாரத்தில் பச்சைக் கொடியோடு நிற்பவரைப் பாருங்கள். இரவானால் அவர் கையில் பச்சை விளக்கு இருக்கும். பேனலில் எல்லாம் சரி என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். இருந்தும் வெளியே வந்து, தூசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடைசிப் பெட்டி போகும்வரை சக்கரங்களைப் பார்த்து நிற்கிறார்.